கிழக்குச் சுவரில் பல்லி சொன்னதா?

என் கல்யாணத்துக்கு ஜாதி குறுக்கே நிற்கவில்லை, வசதியும் நிற்கவில்லை. கடவுள் என்றால் என்ன என்ற கேள்விதான் வந்து நின்றது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் காந்திபுரத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடையில் டி.வி. ரிப்பேர் செய்கிற பையனைப் பிடித்துப்போனது. என் அப்பா மில் தொழிலாளி, கருஞ்சட்டைக்காரர். அந்தப் பையனின் அப்பா வெள்ளகோவில்காரர், சாமியைக் கேட்காமல் ஒரு கன்றுக்குட்டிகூட வாங்காதவர்.

அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அம்மா சுட்டு வைத்த வடை ஆறிக்கொண்டிருந்தது. சம்பந்தம் உறுதியாகாமல் கை நனைக்க மாட்டார்கள் என்பதால் தண்ணீர் மட்டும் குடித்தார்கள். சொம்பைக் கீழே வைத்ததுமே வெள்ளகோவில்காரர் ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க சாமி இல்லைங்கறவங்களாமா?"

"எந்தச் சாமிங்க? இன்னதுன்னு சொன்னாத்தானுங்களே நான் இல்லைன்னு சொல்ல முடியும்."

"எல்லாத்தையும் நடத்தற ஒரு சக்திங்க."

"கரண்டும் சக்திதானுங்க. அதை நான் இல்லைன்னு சொன்னதில்லை. பில்லுகூடக் கட்டறேன்."

அவர் கோபப்படவில்லை. சற்று யோசித்து, "சரிங்க, மனசாட்சின்னு வெச்சுக்கோங்க" என்றார்.

"அதுக்குத்தான் மனசாட்சின்னு ஒரு பேரு இருக்குதுங்களே. இன்னொரு பேரு எதுக்குங்க?"

அப்பாவுக்கு இந்த வாதம் தண்ணீர் பட்ட பாடு. டீக்கடையில் எத்தனையோ பேரை இப்படி மடக்கியிருக்கிறார். ஆனால் வெள்ளகோவில்காரர் திருப்பிக் கேட்டது எங்கள் வீட்டில் யாரும் எதிர்பார்க்காதது. "நீங்க இல்லைங்கற சாமி எப்படி இருக்கும்னு நீங்க சொல்லுங்க."

அப்பா சொன்னார். மேலே உட்கார்ந்துகொண்டு, லஞ்சம் வாங்கிக்கொண்டு, ஏழையை உதைத்துப் பணக்காரனைத் தூக்கிவிடுகிற ஒன்று.

"அட, அந்தச் சாமியை நானும் கும்பிடறதில்லைங்க."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தலை சுற்றியது. ஒருவர் கும்பிடாததைத்தான் இன்னொருவர் இல்லை என்கிறார். பிறகு எதற்காக இந்தச் சண்டை? நான் சின்ன வயதிலிருந்து இல்லை என்று சொல்லி வந்தது எதை? அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவரும் கொஞ்சம் குழம்பித்தான் போயிருந்தார்.

கடைசியில் வெள்ளகோவில்காரர் இறங்கி வந்தார். ஐயர் வேண்டாம், ஹோமம் வேண்டாம், மாலை மாற்றிக் கட்டிவைத்தாலும் சரி. அம்மன் உத்தரவு மட்டும் வேண்டும். கோயிலில் உட்கார்ந்து நினைத்ததைக் கேட்க வேண்டும். உச்சிப் பூசைக்கு மணி அடிப்பதற்குள் கிழக்குச் சுவரில் பல்லி சொன்னால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை. அவர்கள் பக்கத்தில் எல்லாக் கல்யாணத்துக்கும் இதுதான் வழக்கம்.

அப்பா மறுத்துவிடுவார் என்று பயந்தேன். "வேடிக்கை பார்க்க வாரேனுங்க" என்றார்.

வெள்ளகோவிலைத் தாண்டி, வெயில் காய்கிற மேட்டுக்காட்டில் இருந்தது அந்தக் கோயில். பக்கத்துக் கொட்டகையில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மண்டபத்தில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்தோம். எனக்குக் கிழக்குச் சுவரை ஒட்டிய இடம், பக்கத்தில் அப்பா. கறுப்புச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"பல்லி சொல்லலைன்னா?" என்று வெள்ளகோவில்காரரைக் கேட்டார்.

"அம்மனுக்கு இஷ்டமில்லைன்னு அர்த்தமுங்க."

"சொன்னாலும் சாமி இருக்குது, சொல்லாட்டியும் சாமி இருக்குது. நல்ல ஏற்பாடுதானுங்க."

யாரும் சிரிக்கவில்லை. தறிச் சத்தத்துக்கு நடுவே எல்லோரும் கிழக்குச் சுவர்ப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு அந்தப் பையன் வேண்டும். ஒரு பல்லியின் வாயில் என் வாழ்க்கை மாட்டிக்கொண்டிருப்பது ஆத்திரமாக இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். யாரிடம் கெஞ்சினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கரண்டிடமா, மனசாட்சியிடமா, இரண்டு பேரும் சேர்ந்து தள்ளிவைத்த அந்த லஞ்சக்காரச் சாமியிடமா?

பூசாரி எழுந்து மணியைத் தொட்டார். அப்போது பையனின் அத்தை, "சொல்லிருச்சு" என்றாள். அவனுடைய சித்தப்பா அது தறிச் சத்தம் என்றார். வெள்ளகோவில்காரர் கையைக் காட்டிப் பூசாரியை நிறுத்தினார். பையன் வாயைத் திறந்தான். "நீ பேசாத கண்ணு. ஆசைப்படறவங்க சொல்றது செல்லாது" என்று அடக்கிவிட்டார். பிறகு என் அப்பா பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, நீங்க சாமிக்காகப் பொய் சொல்றவரில்லை. உங்களுக்குக் கேட்டுதுங்களா?"

மண்டபமே அப்பாவைப் பார்த்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"கேட்டுதுங்க" என்றார். "கெழக்குச் சொவத்துல."

மணி அடித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். வெள்ளகோவில்காரர் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தவள் நான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா அசந்து தூங்கிவிட்டாள். அப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"நெசமாவே பல்லி சொல்லுச்சுங்களா, அப்பா?"

"உனக்கு அந்தப் பையன் வேணும்தானே, அம்மணி?"

"வேணுமுங்க."

"அப்பறம் என்ன" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பொய் என்றால், வாழ்நாளெல்லாம் எதை எதிர்த்தாரோ அதற்கே எனக்காகச் சாட்சி சொல்லிவிட்டார். நிஜமாகவே கேட்டதென்றால், அதைவிடப் பெரிய கஷ்டம் அவருக்கு. கல்யாணம் நன்றாக நடந்தது. சம்பந்திகள் இருவரும் சந்திக்கும்போதெல்லாம் ஊர்க்கதை பேசினார்கள். டீக்கடையில் யாராவது சாமிப் பேச்சை எடுத்தால் மட்டும், அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவார்.