அண்ணன் இறக்காத துண்டு

டென்னிஸ் ஆடக் கால் இருந்தால் போதும், மூளையை மைதானத்துக்கு வெளியே நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு காலத்தில் மனதார நம்பினேன். என் மூளை கும்பகோணத்தில் ஒரு கம்பிவேலியோரம், தோளில் கட்சிக் கரை போட்ட துண்டோடு நின்றது. அதாவது, என் அண்ணன்.

ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் பேசலாம் என்று இப்போது விட்டுவிட்டார்கள், தொலைக்காட்சியில் பார்க்கிறேன். அன்று வெளியிலிருந்து வாய் திறந்தால் நடுவர் புள்ளியைப் பிடுங்கிவிடுவார். அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. துண்டு தோளில் இருந்தால் நெட்டுக்கு ஏறி அடிக்க வேண்டும். இடுப்புக்கு இறங்கினால் பின்னால் நின்று ஆட வேண்டும். அது மாவட்ட இறுதியாட்டம். ஜெயிப்பவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை ஏறக்குறைய உறுதி. வீட்டில் அந்த வேலையைத்தான் நம்பியிருந்தார்கள். நாங்கள் உழுத குத்தகை நிலத்திலிருந்து எங்களைக் கிளப்ப மிராசுதார் வழக்குப் போட்டிருந்தார். எதிரே ஆடியவன் அவர் மகன்.

கடைசி செட்டில் நான் முன்னால் இருந்தபோது மிராசுதார் காரில் வந்திறங்கி, அண்ணனுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். அவரைக் கண்டால் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற தலைமுறை எங்கள் அப்பாவுடையது.

அதே நேரம் அவர் மகன் பந்தை என் தலைக்கு மேல் தூக்கத் தொடங்கினான். இனி பின்னால்தான் நிற்க வேண்டும் என்பது வெளியே கடலை விற்றவருக்குக்கூடத் தெரிந்திருக்கும். நான் வேலியைப் பார்த்தேன். துண்டு தோளில். ஏறினேன், பந்து தலைக்கு மேல் பறந்தது. மறுபடி பார்த்தேன். தோளில். அண்ணனின் கை துண்டின் நுனியைப் பிடித்தது, விட்டது. சொந்தமாக யோசிக்கலாம் என்று தோன்றவேயில்லை. அந்த இலாகாவைத்தான் வெளியே ஒப்படைத்திருந்தேனே.

“தம்பி, பந்து இந்தப் பக்கம் வருது,” என்றார் நடுவர்.

திரும்பும் வழியில் சைக்கிளை மிதித்துக்கொண்டே அண்ணன் கேட்டார்: “ஏண்டா, அவன் தலைக்கு மேல தூக்குறான், நீ பாட்டுக்கு மேல மேல ஏறுற?”

“நீங்க துண்டை இறக்கலையேண்ணே.”

“அந்தாளு பக்கத்துல உக்காந்திருக்கான். நான் எப்படிடா இறக்குவேன்?” கொஞ்ச தூரம் போனபின், “ஒனக்குக் கண்ணு எங்கடா போச்சு?” என்றார்.

வெளியிலிருந்து சொல்லிக்கொடுக்க அனுமதிக்கலாமா என்று கேட்டால், கூடாது என்பேன். வெளியே நிற்பவருக்கும் ஓர் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். அண்ணன் தன்னுடையதை அன்று ஜெயித்தார். நான் என்னுடையதைத் தோற்றேன். வேலை மிராசுதார் மகனுக்குப் போனது. அவன் அதில் சேரவேயில்லை.