சிக்னல்காரன் வெள்ளத்துரையின் கை

எனக்கு வாய் நீளம். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலில் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டுகிற எனக்கு, கீழே கப்பலின் வயிற்றில் இருக்கும் கிடங்குக்குள் நடப்பது தெரியாது. தளத்து விளிம்பில் நிற்கும் வெள்ளத்துரையின் கைதான் எனக்குக் கண். கையை அசைக்காமல் உயர்த்தினால் நிறுத்த வேண்டும். லேசாக ஆட்டினால் பையப் பைய இறக்க வேண்டும்.

எழுபத்தேழு மே மாதம் கயிறு அறுந்து, ஒரு கட்டு உப்பு மூட்டை அவன் காலடியில் விழுந்தது. அவனுக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் மறுவாரம் ‘நிறுத்து’ என்று தூக்கிய கை வெடவெடவென்று நடுங்கியது. நான் அதை ‘இறக்கு’ என்று எடுத்துக்கொண்டேன். கிடங்கில் நின்ற ராஜதுரை துள்ளி விலகியிருக்காவிட்டால் அன்றே நசுங்கியிருப்பான்.

“ஏலே, காலையிலயே ஊத்திட்டு வந்துட்டியால?” என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். ஒரு சொட்டுக்கூடத் தொடாதவன் அவன். இறங்கிப் போனான். “கை நிக்காம கப்பல் ஏறாத” என்றுவிட்டார் மேஸ்திரி. பதினேழு வருஷ வேலை போகிற நிலைமை.

அவன் மனைவி செல்லக்கிளி என்னிடம்தான் வந்தாள். “தூங்க மாட்டேங்காவ அண்ணாச்சி. மவ எஸ்.எஸ்.எல்.சி. பாஸாயிட்டான்னு சொன்னேன், சிரிக்கக்கூட இல்ல.” மறுநாளே அவனைப் பாளையங்கோட்டை டாக்டர் ஒருவரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் பொறுமைசாலி. “மூளையில ‘ஓடு, ஓடு’ன்னு விரட்டுற செல்லும் உண்டு, ‘போதும், நில்லு’ன்னு அடக்குற செல்லும் உண்டு. பெரிய பயத்துல அடக்குற செல்லோட பிடி தளர்ந்து போகலாம். பயத்தை மட்டுமில்ல, சந்தோஷத்தையும் அளந்து விடுறதுல அதுக்குப் பங்கு இருக்குமோன்னு ஆராய்ஞ்சிட்டிருக்காங்க. இது கோழைத்தனம் இல்லப்பா.”

வெள்ளத்துரை நிமிர்ந்து உட்கார்ந்தான். “அப்ப மண்டைக்குள்ளயும் ஒரு சிக்னல்காரன் நிக்கான்னு சொல்லுதீயளா?”

“ஒருத்தன் இல்ல, கோடிக்கணக்குல.”

அந்த மண்டைக்குள் சிக்னல்காரர்களுக்குத் தெம்பு கொடுக்கச் சில வாரம் மாத்திரை. அதுவரை கப்பல் பக்கம் தலைகாட்டக் கூடாது. பிறகு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தலாம் என்றார். திரும்பும் பஸ்ஸில், “எனக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டுன்னுல்லா நெனச்சேன்” என்று என் தோளில் சாய்ந்து அழுதான். நானும் அழுதேன். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். “சரி சரி, வாய மூடு” என்றான்.

ஆகஸ்டில் வேலைக்குத் திரும்பினான். முதல் கட்டு கரையைவிட்டு எழும்பியதும் கையை உயர்த்தினான். நிறுத்தினேன். அடுத்த சைகை வரவே இல்லை.

“என்னலே, ஏத்தவா வேண்டாமா?”

“இருடே” என்றான், தன் கையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். “நிக்குது பாரு.”

கிடங்குக்குள்ளிருந்து ராஜதுரை என் வம்சத்தையே இழுத்து ஏசினான். நான் லீவரைத் தொடவில்லை.