கம்பைலரோடு மல்லுக்கட்டும் வினோதினி

“இரு, இரு. எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டாத. ஒண்ணொண்ணா சொல்லு.”

வினோதினி மடிக்கணினியை அதட்டுகிறாள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்துகள். அவற்றையெல்லாம் விட்டுவிட்டு உச்சிக்குப் போய் முதல் பிழையை மட்டும் வாய்விட்டுப் படிக்கிறாள். “மொதல் ஆள சரி பண்ணா பாதிப் பேரு தானா போயிடுவாங்க” என்பது அவள் கட்சி.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய வீடு. வாசலில் அவள் அம்மா சந்திரம்மாளின் சர்பத் கடை. பக்கத்து வீட்டுக்காரனான எனக்குச் சர்பத்தோடு இந்த வசவும் கிடைத்துவிடும்.

“யார்கூடடி சண்ட?”

“கம்பைலர்கூடம்மா. நான் எழுதற நிரல மெஷின் பாஷைக்கு மாத்தணும். ஆனா அதுல குத்தம் கண்டுபிடிக்கறதுதான் அதுக்கு வேல.”

“உங்கப்பா மாதிரின்னு சொல்லு.”

அவள் வேலை பார்க்கும் பெங்களூர் நிறுவனம், நோயாளிக்கு ஏறும் குளுக்கோஸைக் கண்காணிக்கும் பெட்டியைத் தயாரிக்கிறது. அதில் ஓடும் நிரல்களுக்கு மெமரியைப் பங்கிட்டுக் கொடுக்கும் பகுதி இவள் பொறுப்பு. இடம் மிச்சம் பிடிக்க, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த சி லைப்ரரியை, அதாவது சி மொழியின் ஆயத்த நிரல் தொகுப்பை, மாற்றிவிட்டார்கள். பழையதில் சமர்த்தாக ஓடியது, புதியதில் கம்பைல்கூட ஆகவில்லை.

போன பௌர்ணமியன்று நிரலை அனுப்பியாக வேண்டியிருந்தது. கிரிவலக் கூட்டம் ஜாஸ்தியானால் நெட் படுத்துவிடும், அதனால் சாயங்காலத்துக்குள். மதியம் ஒரே ஒரு பிழை மட்டும் அசையாமல் நின்றது. மெமரி எவ்வளவு மிச்சம் என்று சொல்வதற்கான படிவத்தைப் பழைய லைப்ரரி தானே தந்திருந்தது. புதியதில் அது இல்லை.

மேலதிகாரி ராமகிருஷ்ணன் போனில் வந்தார். ஸ்பீக்கர் போட்டிருந்தாள்.

“எப்பவும் ஒரே நம்பர் சொல்ற மாதிரி வெச்சிடும்மா. கம்பைல் ஆயிடும்.”

“ஆயிடும் சார். ஆனா மெமரி தீந்தாக்கூட நெறய இருக்குன்னுதான் பெட்டி நம்பும். திடீர்னு அது நின்னுட்டா, பக்கத்துல படுத்திருக்கறவங்க கதி?”

“டைம் கம்மி, பாத்துக்கோ” என்றார்.

அந்தப் படிவத்தை அவளே எழுதினாள், லைப்ரரி தராத இடத்தில் மட்டும் சேரும்படி. வாசலில் கூட்டம் அடர்ந்துகொண்டிருந்தது. ஓட்டினாள். ஒரு பிழைகூட இல்லை. ராமகிருஷ்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

“சூப்பர்மா! அனுப்பிடு.”

“ஒரு நிமிஷம் சார். நெஜமாவே என் ஃபைலத்தான் படிச்சுதான்னு பாத்துடறேன்.”

தான் எழுதிய படிவத்தில் வேண்டுமென்றே ஓர் அரைப்புள்ளியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். திரை சிவந்தது; அவள் ஃபைலைப் படித்ததால்தானே குற்றம் கண்டுபிடித்தது. வினோதினி முகமெல்லாம் சிரிப்பாக, அரைப்புள்ளியைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தாள்.