எழுந்து நின்ற கூட்டம்

எண்பதுகளில், மலேசியாவின் ஈப்போ நகரில் எங்கள் ஹெவி மெட்டல் குழுவுக்கு அந்த இசைப் போட்டிதான் கடைசி வாய்ப்பு. தோற்றால் கலைந்துவிடுவோம். எங்களோடு தப்புப் பறை அடித்த ரப்பர் தோட்டத்து நண்பன் மணியத்திடம், "சாவு வீட்டு அடியை அடிடா" என்று கெஞ்சினேன்.

"போன மாசம் அப்பாவுக்கு அடிச்சாங்களே, அந்த அடிலா மச்சான். வேணாம்."

"ஒரே தடவை மச்சான்."

அடித்தான். என் கிதார் கூடவே அலறியது. பார்க்க வந்திருந்த தோட்டத்து ஜனங்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ஜெயித்துவிட்டோம் என்று இன்னும் வேகமாக வாசித்தேன். பாடை போகும்போது அவர்கள் அப்படித்தான் எழுந்து நிற்பார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை, முன்வரிசையில் மணியத்தின் அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்க்கும்வரை.

மணியம் குச்சிகளைப் போட்டுவிட்டு அம்மாவிடம் இறங்கி ஓடினான். நான் கிதாரோடு நின்றேன்.

இன்றும் யாராவது எனக்காக எழுந்தால், முதலில் அவர்கள் முகத்தைத்தான் பார்க்கிறேன்.