சண்டை தீரக்கூடாதுன்னு ஒரு வேண்டுதல்

எங்க தையல் லைன்ல முத்துத்தாயைத் தவிர வேற எவளும் சாமிகிட்டப் போயி, சண்டை தீரக்கூடாதுன்னு வேண்டுனதில்ல. அதுவும் யாரு சண்டை? அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் நடக்குற வியாபாரச் சண்டை. அவ மதுரையை விட்டா பாத்த ஊரு திருப்பூர் மட்டுந்தான்.

அதுவும் மக தமிழ்ச்செல்வியால பாத்தது. அப்பன் செத்த வருசமே அந்தப் பிள்ளை திருப்பூர் பனியன் கம்பெனி ஹாஸ்டலுக்குப் போயிருச்சு. பொங்கலுக்கு வரும், தீபாவளிக்கு வரும், வந்த சூட்டோட கெளம்பிரும். முத்துத்தாய் வண்டியூர்ல ஒண்டியாக் கெடந்தா. என்கூட கப்பலூர் பக்கத்துத் தையல் கம்பெனிக்கு வேன்ல வருவா. சட்டைக்குக் காலர் வைக்கிறது அவ வேலை.

போன சித்திரையில அமெரிக்காக்காரன் சீனாச் சரக்குக்கு வரியை எக்குத்தப்பா ஏத்துனான். சீனாவுக்குப் போக வேண்டிய ஆர்டர் எங்க கம்பெனில வந்து விழுந்துச்சு. ஊரு ரெண்டுபட்டாக் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு மேனேஜரே சிரிச்சாரு. இதுல கூத்து என்னன்னா, அந்தச் சட்டைக்குப் பட்டன் சீனாவுல இருந்துதான் வரணும். அவன் அனுப்பாட்டி எங்க மெஷின் நிக்கும். அடிச்சுக்கிறவனுகளுக்கு ஒருத்தன் இல்லாம ஒருத்தன் பொழைக்கவும் வக்கில்ல.

ஆளு பத்தலைன்னு புதுசா எடுத்தாங்க. முத்துத்தாய் மேனேஜர் கால்ல விழுகாத குறையாக் கேட்டு மகளைச் சேத்துவிட்டா. ஆத்தாளும் மகளும் ஒரே வேன்ல வந்தாங்க, ஒரே தூக்குச்சட்டில சாப்பிட்டாங்க. ஓடுற வேன்லயே மகளுக்குத் தலை பின்னிவிடுவா.

"ஏண்டி, கல்யாண வயசுல நிக்குது, அதுக்குப் பின்னத் தெரியாதாக்கும்?"ம்பேன்.

"அம்புட்டு வருசம் விட்டுப்போனதைப் பின்னிக்கிறேன், போக்கா."

செவ்வாக்கிழமையானா தெப்பக்குளத்து மாரியம்மனுக்கு எலுமிச்சை வெளக்குப் போடுவா. "அவனுக ரெண்டு பேரும் ராசியாயிட்டா ஆர்டர் அங்கிட்டே திரும்பிரும்க்கா. எம்புள்ள மறுபடியும் போயிரும்." தெருவுல எவ வீட்டுச் சண்டைன்னாலும் உக்காந்து சமாதானம் பேசுறவ அவ. ஒனக்கா இந்தப் புத்தின்னு நான் கேலி பண்ணுவேன். சிரிப்பா. அந்த நாலு மாசம்தான் அவ சிரிச்சு நான் பாத்தது.

ஆவணி மாசம் அமெரிக்காக்காரன் நம்ம சரக்குக்கும் வரியைப் போட்டுட்டான். பத்து ரூவாச் சரக்குக்கு அஞ்சு ரூவா வரின்னா எவன் வாங்குவான்? ஆர்டர் வந்த வழியே போயிருச்சு. கடைசியாச் சேந்தவங்களைத்தான் மொதல்ல நிறுத்துனாங்க. திருப்பூர்லயும் இதே கதைதான். பெங்களூருல, உள்ளூர்க் கடைகளுக்குத் துணி தைக்கிற ஒரு கம்பெனில எடம் இருக்குன்னு சொல்லித் தமிழ்ச்செல்வி பையைக் கட்டிருச்சு.

மாட்டுத்தாவணியில பஸ் ஏத்திவிட நானும் போயிருந்தேன். பஸ் கெளம்புற வரைக்கும் ஆத்தா அழுகலை. பஸ் போனதும் அங்கயே தரையில உக்காந்துட்டா.

"நாசமாப் போறவனுக. இனிமேயாச்சும் அவனுக சண்டை ஓயணும்னு வேண்டிக்கடி"ன்னேன்.

"வேண்டாங்க்கா. இனி மாரியாத்தாகிட்ட நான் ஒண்ணும் கேக்குறதா இல்ல. அந்த ஆர்டர் இங்க வந்தப்ப, சீனாவுல எவளோ ஒருத்தி மகளும் இப்பிடித்தான பஸ் ஏறிப் போயிருக்கும்? செவ்வாக்கெழமை செவ்வாக்கெழமை நான் அதுக்குத்தான வெளக்குப் போட்டிருக்கேன்?"

பைத்தியக்காரின்னு திட்டத்தான் வாயெடுத்தேன். அழுகைதான் வந்துச்சு.