மாமாவின் கை தடுமாறிய கேள்வித்தாள்

சின்னமாமாவின் கடையில் பழுதான தாள் எதுவும் குப்பைக்குப் போகாது. சரிந்து விழுந்த போட்டோக்கொப்பி, மை பரவிய கடிதம், கரண்ட் நின்றதால் பாதியில் நின்ற விண்ணப்பப் படிவம் எல்லாம் மெசினுக்குக் கீழே இருக்கும் ஒரு பிஸ்கட் பெட்டியில் சேரும். ஒரு பக்கம் பழுது என்றால் மறுபக்கம் வெள்ளை. அந்த வெள்ளைப் பக்கங்கள் முழுவதும் எனக்குச் சொந்தம்.

சின்னமாமா அம்மாவின் கடைசித் தம்பி, எங்களோடுதான் இருந்தார். நல்லூரில் ரியூசன் வகுப்புகள் நடக்கும் ஒழுங்கையின் முகப்பில் அவருடைய கடை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய், அம்மா வேலை முடிந்து வரும்வரை படம் கீறிக்கொண்டிருப்பேன். ஆசிரியர்கள் கையால் எழுதிக் கொண்டுவரும் கேள்வித்தாள்களை மாமா கொம்பியூட்டரில் ரைப் பண்ணி, வேண்டிய அளவு கொப்பி எடுத்துக் கொடுப்பார். அவருடைய ரைப்பில் பிழை பிடிக்க முடியாது என்று அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். மாமாவுக்கும் அது நன்றாகவே தெரியும்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் ஆங்கில ரீச்சர் ஒரு பரீட்சை வைக்கப்போவதாகச் சொன்னார். அதில் முதலாவதாக வருபவர்தான் வகுப்பின் சார்பில் ஆங்கில தினப் போட்டிக்குப் போகலாம். இருபது ஆங்கில மரபுத்தொடர்கள் இடப்பக்கம் இருக்கும். அவற்றின் கருத்துகள் வலப்பக்கம் இடம்மாறிக் கிடக்கும். பொருத்த வேண்டும்.

எனக்கு அந்தத் தொடர்களைக் கண்டாலே பயம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் தெரிந்த சொற்கள். சேர்ந்து நின்றால் வேறு எதையோ சொல்லும்; எதற்கு எது கருத்து என்பது எனக்கு நினைவில் நிற்காது. ஒரு துண்டு கேக் என்றால் மிகச் சுலபமான வேலையாம். வயிற்றுக்குள் வண்ணத்துப்பூச்சி என்றால் பதற்றமாம். பையிலிருந்து பூனையை வெளியே விட்டால் இரகசியத்தைச் சொல்லிவிட்டதாக அர்த்தமாம். இதையெல்லாம் யார் தீர்மானித்தார்கள் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அம்மாவோ பக்கத்து வீட்டாரிடம், "எங்கடை பிள்ளைதான் போட்டிக்குப் போகும்" என்று முற்கூட்டியே சொல்லிவிட்டார்.

பரீட்சைக்கு நான்கு நாட்கள் இருந்தன. பிஸ்கட் பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து மயில் கீறத் தொடங்கினேன். மயிலுக்குத் தோகை வைக்க இடம் போதாமல் தாளைத் திருப்பினால், மறுபக்கத்தில் ரீச்சரின் கையெழுத்து. அவர் எழுதிய கேள்வித்தாளில் அழுக்குப் படக்கூடாதென்று மாமா கொப்பி எடுத்து வைத்துத்தான் ரைப் பண்ணுவார். முதலில் எடுத்த கொப்பி சரிந்துபோய்ப் பெட்டிக்கு வந்திருந்தது. இருபது தொடர்களும் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் விடைக்குரிய எழுத்தும் இருந்தது.

அதைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். நான் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். தொடர்களையோ கருத்துகளையோ படிக்கவில்லை. எழுத்துகளின் வரிசையை மட்டும் வாய்ப்பாடுபோல ராகம் போட்டுப் பாடமாக்கினேன். எஃப், கே, பி, ஆர், ஏ...

பரீட்சைக்கு முதல் நாள் மாமாவின் சைக்கிள் கரியரில் இருந்தபடி கடைக்குப் போகும்போதும் வாய் ஓயவில்லை.

"என்ன பிள்ளை, மந்திரமோ?" என்று மாமா திரும்பாமலே கேட்டார்.

"ஒண்டுமில்லை மாமா. சும்மா பாட்டு."

"நல்ல பாட்டுத்தான். திருப்பிப் பாடு பாப்பம்."

எனக்குப் பெருமை. இன்னும் சத்தமாகப் பாடினேன். மாமாவின் சைக்கிள் மெதுவாகியது.

அன்று கடையில் அவர் வழமையைவிடக் கூடுதல் நேரம் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். அம்மா வந்து வாசலில் நின்று அவசரப்படுத்தியபோது, "நீங்கள் போங்கோ அக்கா, எனக்கு இன்னும் கொஞ்ச வேலை கிடக்கு" என்றார். 

மறுநாள் எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, நான் இருபது விடைகளையும் இரண்டு நிமிடத்தில் எழுதிவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தேன். பிற்பகல் ரீச்சர் திருத்திய தாள்களோடு வந்தார். அவருடைய முகம் குழம்பியிருந்தது. வகுப்பில் எப்போதும் முதலாவதாக வரும் பிள்ளைக்கு இருபதுக்கு ஒன்று. அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். மற்றவர்களுக்கு இரண்டு, பூச்சியம், மூன்று. எனக்கு மட்டும் இருபது.

"எழும்பி, முதலாவதை வாசிச்சுக் கருத்தையும் சொல்லும் பாப்பம்" என்றார் ரீச்சர்.

நான் எழுந்து கேக்கைப் பற்றி வாசித்தேன். பிறகு எஃப் என்ற எழுத்துக்கு நேரே இருந்ததை, அப்போதுதான் முதன்முதலாக வாசித்தேன்.

"ஒரு துண்டு கேக் எண்டால்... சுகமில்லாமல் கிடக்கிறது, ரீச்சர்."

"களவாச் சாப்பிட்டா அப்பிடித்தான்!" என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் வர, வகுப்பே சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. கேள்வித்தாளைப் பார்த்தார். தன்னுடைய கையெழுத்துத் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இரும்" என்றார்.

அன்று பின்னேரம் அவர் கடைக்கே வந்துவிட்டார். நான் மெசினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். என் வயிற்றுக்குள் வண்ணத்துப்பூச்சி அல்ல, வௌவால் பறந்தது.

"என்ன தம்பி செய்து வைச்சிருக்கிறீர்? நான் தந்த ஒழுங்கு இதில்லையே. என்ரை விடையளை வைச்சுத் திருத்தினால் வகுப்பு முழுக்கப் பெயில்."

மாமா தாளை வாங்கிப் பார்த்தார். ரீச்சர் பழைய விடைகளை வைத்தே திருத்துவார் என்பதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை போலும். ஒரு கணம் என் பக்கம் திரும்பினார்.

"மன்னிக்கோணும் ரீச்சர். கை தடுமாறிப் போச்சு."

"உம்மடை கையோ? ஒரு கொமா பிழைச்சுக்கூட நான் கண்டதில்லையே."

"வயசு போகுதெல்லே ரீச்சர்."

"முப்பது வயசிலையோ?"

மாமா தலையைச் சொறிந்தார். ரீச்சரின் கண் கீழே இருந்த பிஸ்கட் பெட்டியில் பட்டு, என்னிடம் வந்து, மாமாவிடம் திரும்பியது.

"சரி. ரைப்பிங் பிழை எண்டே வகுப்பிலை சொல்லுறன். திங்கக்கிழமை வேறை பேப்பர். அதை நான் கையாலை எழுதிக்கொள்ளுறன்."

எனக்கு வந்தது நிம்மதி. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. இருபது புள்ளி போனது இந்த மனிதரின் கவனமின்மையால் அல்லவா? வீட்டில் அம்மா என் பக்கம்தான். "உனக்குக் கண் தெரியேல்லையோடா? பிள்ளை கஷ்டப்பட்டு எடுத்த இருபதெல்லே போச்சு!" மாமா சோற்றைப் பிசைந்தபடி, "ஓம் அக்கா, பிழைதான்" என்றார். நானும் விடவில்லை. "உங்களுக்கு ரைப் பண்ணவே தெரியாது மாமா!" என்றேன். அதற்கும் ஓம் என்றார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்களையும் கருத்துகளையும் உண்மையாகவே படித்தேன். வேறு வழியில்லை. திங்கட்கிழமை பதினாறு எடுத்து மூன்றாவதாக வந்தேன். அழுத பிள்ளை பத்தொன்பது எடுத்துப் போட்டிக்குப் போனாள். ஏனோ எனக்கு அதில் கவலை வரவில்லை. அந்தத் தவணைப் பரீட்சைக்கு எங்கள் பள்ளிக்கூடத்துப் பேப்பர்கள் வேறு கடைக்குப் போயின. பிழை விடுகிற கடை என்று யாரோ அதிபரிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த தவணை ரீச்சரே அவற்றை மீண்டும் மாமாவிடம் கொண்டுவந்தார்.

இப்போது என் மகளுக்கு எட்டு வயது. போன கிழமை அவளுக்குப் பயிற்சி கொடுப்பதற்காகப் பத்து ஆங்கிலத் தொடர்களைக் கணினியில் ரைப் பண்ணினேன். இந்த வயதில் இது கூடுதலோ, குறைவோ என்று வழக்கம்போல எனக்கே தெரியவில்லை. கருத்துகளை இடம்மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு வரியாக வெட்டி, இடம் பார்த்து ஒட்டி, இரண்டு தரம் வந்துவிட்டதா என்று சரிபார்த்து முடிக்க அரை மணித்தியாலம் போனது. பத்தாவது வரியில் என் கை நின்றது. இருபது வரிகள், ஒன்றும் விடுபடாமல், ஒன்றும் இரண்டு தரம் வராமல், கை தடுமாறி இடம் மாறுமா?

மாமா இன்னும் அதே கடையில்தான் இருக்கிறார். கேட்கலாமா என்று தொலைபேசியை எடுத்தேன். ஓம் என்று சொல்ல மாட்டார் என்று தெரியும். வைத்துவிட்டேன்.

இரண்டாவது பரீட்சை நடந்த அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் நான் கடைக்குப் போனபோது பிஸ்கட் பெட்டி வெறுமையாக இருந்தது. பழுதான தாள்களை மாமா சிறு துண்டுகளாகக் கிழித்து உரப்பையில் போட்டிருந்தார். மேசையில் எனக்கென்று ஒரு புதிய சித்திரக் கொப்பி, இரண்டு பக்கமும் வெள்ளையாக.

"இனி உனக்கு உதுதான் பிள்ளை" என்றார்.

மூன்றாவதாக வந்ததற்குப் பரிசு என்று நினைத்துக்கொண்டு, முதல் பக்கத்தில் மயிலை முழுத் தோகையோடு கீறி அவரிடம் காட்டினேன்.