வண்டியில்லாத இஞ்சின்

ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டு மோட்டார் சாமான் கடையொன்றின் விற்பனைக் கவுண்டரில் அய்யாதுரைக்கு வேலை. ஸ்டாண்டர்ட் கார் இஞ்சின் சாமான்கள் அவர் பொறுப்பு. எய்ட் மாடலுக்கு 803 சி.சி., டென் மாடலுக்கு 948, பின்னால் வந்த ஹெரால்டுக்கு 1147. வருஷம் ஆக ஆக சிலிண்டர் அகலமானதே தவிர, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் எல்லாவற்றிலும் அதே மூன்று அங்குலம். அய்யாதுரையும் மயிலாப்பூர் வீட்டுக்கும் கடைக்கும் இடையே அப்படித்தான் போய்வந்துகொண்டிருந்தார்.

சொந்த இஞ்சின் இழுக்கும் காரில் மனைவி இசக்கியம்மாளோடு அடையாறு பாலம் தாண்டி எலியட்ஸ் பீச்சுக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. கார் வாங்க வழியில்லை. அதனால் இஞ்சினிலிருந்து தொடங்கினார்.

1966இல் பழைய இரும்புக் கடையில் ஒரு டென் காரின் வெறும் இஞ்சின் பிளாக் கிடைத்தது. அளவு சரியில்லையென்று யாரோ திருப்பித் தந்த பிஸ்டன்கள் அடுத்த வருஷம் சேர்ந்தன. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு கிடைக்க மூன்று வருஷமாயிற்று. 1973 ஆவணியில், பக்கத்துத் தெரு மெக்கானிக் காதர் எல்லாவற்றையும் கொல்லையில் மரச்சட்டத்தின் மேல் பூட்டினார். ரேடியேட்டர் இல்லை, தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு ரப்பர் குழாய். ஹேண்டில் போட்டுச் சுற்ற, மூன்றாவது சுற்றில் இஞ்சின் உறுமி ஓடத் தொடங்கியது. குடித்தனக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

"இஞ்சின் சூப்பரா கீது அண்ணாத்தே! வண்டி இன்னா, பின்னாடி நடந்து வருதா?" என்றார் காதர்.

அதன்பின் ஞாயிறுதோறும் அய்யாதுரை அதைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

அபிராமபுரம் ராஜகோபாலன் கடையின் வாடிக்கைக்காரர். அவருடைய டென் காரின் இஞ்சின் ஓடி ஓடித் தேய்ந்துபோயிருந்தது. காதர் சொல்லக் கேட்டு வீடு தேடி வந்தார்.

"இத எனக்குக் குடுத்துடுமே. வண்டி ஆத்துல சும்மா நின்னுண்டிருக்கு."

அய்யாதுரை துணியை எடுத்து இஞ்சினைத் துடைத்தார்.

"குடுத்துருங்க," என்றாள் இசக்கியம்மாள். "கொல்லையில கெடந்து உறுமுனா கடலு இங்கயா வரும்?"

"ஒரு தடவை எங்க ரெண்டு பேரையும் பீச்சுக்குக் கூட்டிப் போகணும் சார்," என்றார் அய்யாதுரை. ராஜகோபாலன் ஒப்புக்கொண்டார்.

தை மாதம் ஒரு ஞாயிறு மாலை, அந்த இஞ்சினைப் பூட்டிய காரில் அவர் சொன்னபடியே வந்தார். பின் சீட்டில் இசக்கியம்மாள் பாலம், ஆறு, படகு என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தாள். அய்யாதுரை எதையும் பார்க்கவில்லை. முன்பக்கம் இஞ்சின் போட்ட சத்தத்தோடே போய்க்கொண்டிருந்தார்.

கடலைப் பார்த்தாற்போல வண்டியை நிறுத்திவிட்டு ராஜகோபாலன் இறங்கினார். சாவியை நீட்டினார்.

"உம்ம இஞ்சின். ஒரு ரவுண்டு நீரே ஓட்டும்."

அய்யாதுரை சாவியை வாங்கிக்கொண்டார். பிறகுதான் சொன்னார்: "எனக்கு ஓட்டத் தெரியாது சார்."

ராஜகோபாலன் சிரித்துவிட்டார். அய்யாதுரையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, தண்ணீர்ப் பக்கம் மெல்ல நடந்தார்.

அய்யாதுரை டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். இசக்கியம்மாள் முன்னால் வந்து பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வண்டி கியரில் இல்லை என்று கியர் தண்டை ஆட்டிப் பார்த்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தார். இஞ்சின் முதல் முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது.

"போலாமா?" என்றாள், மணலைப் பார்த்தபடி.

"செத்த இரு," என்றார். இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தார்.